இழுத்துப்பிடி டீச்சர்

"தாடையை இன்னும் கொஞ்சம் தூக்குங்கம்மா. அப்படித்தான். தோளை முன்னால தள்ளுங்க. நாத்தனாரைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி ஒட்டியும் ஒட்டாம நிக்கறீங்களே, நெஞ்சு நல்லா பலகையில படணும்."

பலகையில் சாய்ந்திருந்த பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கும்வரை டீச்சர் காத்திருந்தார். பிறகு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய், கட்டடமே கேட்கும் குரலில், "மூச்சை இழுங்க. இழுத்துப் பிடிங்க. ஆடாதீங்க" என்றார். இயந்திரம் ஒருமுறை முனகியது. "ம். விடுங்க."

பல்கலைக்கழக மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் அவர் விரிவுரையாளர்; பிரிவின் பொறுப்பும் அவரிடம்தான். மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'இழுத்துப்பிடி டீச்சர்'. அவருக்கும் அது தெரியும். "நாள் பூரா விடுங்க விடுங்கன்னும் கத்தறேனே, அது எவன் காதுலயும் விழலையா?" என்பதுதான் அவருடைய குறை. மற்ற விரிவுரையாளர்களை மாணவர்கள் 'மேடம்' என்று அழைப்பார்கள்; இவரை அப்படி அழைத்தால் திரும்பிப் பார்க்கமாட்டார்.

ஆள் குள்ளம். வெள்ளைக் கோட்டின் ஒரு பக்கப் பை சாவிக்கொத்தின் கனத்தில் எப்போதும் கிழிந்தே தொங்கும். ஒவ்வொரு நோயாளியையும் நிறுத்துவதற்கு முன்னால் அந்தப் பலகையைத் துடைத்து, உள்ளங்கையால் பரபரவென்று தேய்ப்பார். புதிதாகச் சேர்ந்த மாணவன் ஒருவன் எதற்கு என்று கேட்டபோது, "சட்டையைக் கழட்டிட்டு ஒருதரம் அதுல சாஞ்சு பாரு" என்றார். சாய்ந்தான். ஏசி அறையின் குளிர் முழுவதும் அந்தப் பலகையில்தான் குடியிருந்தது. அதற்கப்புறம் அந்த வகுப்பில் யாரும் தேய்க்க மறந்ததில்லை.

விடுப்பு விண்ணப்பத்தின் அடியில் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்று அச்சடித்திருக்கும். டீச்சர் அதில் 'கீழ்ப்படிதலுள்ள' என்பதை மட்டும் நேர்க்கோடு போட்டு அடித்துவிட்டு, மிச்சமிருக்கும் 'தங்கள்' என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போடுவார். அலுவலகத்தில் பலமுறை திருப்பி அனுப்பிப் பார்த்தார்கள். "லீவுதானே கேட்கறேன்? அதுவும் ஒரே ஒரு நாள். கீழ்ப்படியறதுக்கு வேற ஆளைப் பாருங்க" என்று பதில் வந்தது. பிறகு விட்டுவிட்டார்கள்.

இத்தனைக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தை அவர் நேசித்த அளவுக்கு யாரும் நேசித்திருக்கமாட்டார்கள். அவருடைய அம்மா அதே மருத்துவமனையின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்தவர். மகள் மாடியில் படித்தாள், அம்மா கீழே துவைத்தார். பல்கலைக்கழகம் வருவதற்கு முன்னால், கை முறிந்தால்கூட ரயிலேறித்தான் போகவேண்டும். இப்போது அந்த வட்டாரத்தில் ஊசி போடுபவர், ரத்தம் சோதிப்பவர், பிரசவம் பார்ப்பவர் எல்லோரும் அந்த வளாகத்தில் படித்தவர்கள். "இவ்வளவு நல்லது செஞ்ச இடத்தோட ஏன் டீச்சர் சண்டை?" என்று கேட்டால், "நம்ம வீடுன்னாதானே சண்டை போடுவோம்? பக்கத்து வீட்டுக்காரனோடயா போய்ப் போடுவோம்?" என்பார்.

பெரிய சண்டை, கல் உடைக்கும் ஆலைகளால் வந்தது.

ஊரின் மேற்கே கிரஷர்கள் வரிசையாக நிற்கின்றன. மலையை வெட்டி, உடைத்து, சலித்து, ஜல்லியாக லாரியில் ஏற்றுகிறார்கள். அந்தப் பக்கத்து வீடுகளின் கூரை, செடி, கொடியில் காயும் துணி எல்லாம் ஒரே சாம்பல் நிறம். கடல்தாண்டிய ஒரு பெரிய பல்கலைக்கழகம் இந்தப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, கல்தூசி நுரையீரலை என்ன செய்கிறது என்று ஓர் ஆய்வு தொடங்கியது. நல்ல காரியம்தான். புது இயந்திரம் வந்தது. மாணவர்கள் சிலருக்கு உதவித்தொகை கிடைத்தது. ஆனால் படம் எடுக்க ஆள் வரவில்லை. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம்.

டீச்சர்தான் தெருத்தெருவாகப் போனார். "படம் எடுத்தா உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிடும். டாக்டர் பார்த்துச் சொல்வாரு. நான் பொறுப்பு" என்றார். அவருடைய குரலுக்கு அந்தத் தெருக்கள் பழகியிருந்தன. வந்தார்கள். பாறையில் துளைபோடுகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், சல்லடையில் நிற்கும் பெண்கள் எல்லோரும் வந்து பலகையைக் கட்டிக்கொண்டு மூச்சை இழுத்துப் பிடித்தார்கள்.

அதன்பிறகு பல மாதங்கள் ஒரு பேச்சும் இல்லை. ஒருநாள் துறையில் கேக் வெட்டினார்கள். ஆய்வுக் கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்திருந்தது. துறைத் தலைவர் எல்லோருக்கும் கைகொடுத்தார். டீச்சர் கேக்கைக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். பேருந்து நிறுத்தத்தில் சல்லடைக்காரப் பெண்மணி நின்றுகொண்டிருந்தார். கிரஷரில் ஜல்லி சலிப்பவர். தெருவில் முதன்முதலில் துணிந்து படம் எடுக்க வந்தவர் அவர்தான். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"டீச்சர், எங்க படமெல்லாம் வெளிநாட்டுக்குப் போயிருக்காமே?"

"ஆமாம்மா."

"நல்லா இருந்துச்சா?"

கல்யாணத்தில் எடுத்த புகைப்படத்தைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் இருமல் வந்து, கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் அன்று பேருந்தில் ஏறவில்லை. வந்த வழியே திரும்பி நடந்து துறைத் தலைவரின் அறைக்குப் போனார்.

துறைத் தலைவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. எல்லோருக்கும் நல்லவராக இருக்க ஆசைப்படுகிறவர். அதனால் யாருக்கும் உதவாதவராகிவிட்டவர்.

"சார், படம் எடுத்தவங்களுக்கு எப்ப சொல்லப் போறோம்?"

"அது ஆய்வு டீச்சர். சிகிச்சை இல்ல."

"நெஞ்சு ஒண்ணுதானே சார்? ஆய்வுக்கு ஒண்ணு, சிகிச்சைக்கு ஒண்ணுன்னு ரெண்டா வெச்சிருக்காங்க?"

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மெதுவாப் பேசுங்க. புதுக் கட்டடத்துக்கு நிலம் கொடுத்தது எந்த கிரஷர் முதலாளின்னு உங்களுக்கே தெரியும். இப்பப் போய் ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு உனக்கு நுரையீரல் போச்சுன்னு சொன்னா, நாளைக்கு அங்க வேலைக்கு ஆள் இருக்குமா?"

"ஆள் இருப்பாங்க சார். ஆளுக்கு மூச்சு இருக்குமான்னுதான் கேட்கறேன்."

"நீங்க எக்ஸ்ரே எடுக்கறவங்க. முடிவைச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் கிடையாது. டாக்டர்தான் சொல்லணும்."

"எனக்கும் தெரியும். நான் ஒருத்தருக்கும் வாய் திறந்து சொல்லமாட்டேன். சொல்லவேண்டியவங்களைச் சொல்ல வைப்பேன்." கதவுவரை போய்த் திரும்பினார். "மூச்சை இழுத்துப் பிடிங்கன்னு சொன்னவ நான் சார். இன்னும் விடுங்கன்னு சொல்லலை. அதுவரைக்கும் அவங்க பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கறாங்க."

அந்தச் செய்தி அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. மாடி வீட்டில் அவருடைய தம்பி குடியிருந்தான். கிரஷர் ஒன்றில் லாரிகளை நிறுத்தி எடைபோடும் மேடையில் அவனுக்கு வேலை. வாசலிலேயே நின்றான்.

"அக்கா, நீ பாட்டுக்கு உன் வேலையைப் பார்க்கக் கூடாதா? என் பொழைப்புல மண்ணை அள்ளிப் போடறியே."

"மண்ணு இல்லடா, தூசி. அதைத்தான் நானும் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"விளையாடாதே. என்னைக் கூப்பிட்டு, உங்க அக்காவை அடக்கி வைன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு பசங்க படிக்குது எனக்கு. நீ அந்தப் பக்கம் நின்னேன்னா நான் உனக்குத் தம்பி இல்ல, சொல்லிட்டேன்."

"அதெல்லாம் பிறந்தது பிறந்ததுதான்டா. ராஜினாமா பண்ண முடியாது" என்றார் டீச்சர். சொல்லும்போது சிரித்தார். உள்ளே வந்து சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார் என்று அவருடைய கணவர் பிற்பாடு சொன்னார். அன்றிலிருந்து மாடியில் பேச்சு நின்றது. தம்பி மனைவி காலையில் தண்ணீர் மோட்டாரைப் போடுவதை மட்டும் நிறுத்தவில்லை. கீழ்வீட்டுக்கும் அதே தொட்டிதான்.

கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். அதிகம் பேசமாட்டார். "என்ன செய்யலாம்?" என்று டீச்சர் கேட்டபோது, "வேனுக்கு டீசல் நான் போட்டுக்கறேன். பேசறதை நீ பேசு" என்றார்.

வெளிநாட்டுக் குழு ஆய்வின் அடுத்த கட்டத்துக்காக வந்தது. பெரிய அரங்கத்தில் ஒப்பந்தம் கையெழுத்தாக ஏற்பாடு. முன்வரிசையில் ஆலை முதலாளிகள், மேடையில் துணைவேந்தர். பின்னிருக்கைகளை நிரப்ப மாணவர்களை அதட்டி அழைத்துவந்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் பள்ளி வேன் வாசலில் வந்து நின்றது. கிரஷர் தெருவே இறங்கியது. எல்லோரும் குளித்து, துவைத்த உடுப்பு உடுத்தியிருந்தார்கள். ஆனாலும் காதுமடல் இடுக்கில் சாம்பல் நிறம் போகவில்லை. காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"யாரு இவங்கள்லாம்?"

"ஆய்வுல கலந்துக்கிட்டவங்க" என்றார் டீச்சர். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரின்னு வெச்சுக்கங்க. இவங்க இல்லாம விழாவே இல்ல."

காவலாளி கையை இறக்கினார். அவருடைய மைத்துனரும் அந்தக் கும்பலில் இருந்தார்.

துணைவேந்தர் பேசினார். இது மக்களுக்கான பல்கலைக்கழகம் என்றார். கைதட்டினார்கள். கிரஷர் தெருவும் மரியாதையாகத் தட்டியது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒரு வயதான அம்மையார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களைக் கவனித்துக்கொண்டே இருந்தவர், அவர்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறார்களா என்று கேட்டார். துறைத் தலைவர், "ஏதாச்சும் சொல்லணுமா?" என்று தமிழில் கேட்ட தோரணையே, ஒன்றும் வேண்டாம் என்று சொல்லுங்கள் என்பதுபோல இருந்தது.

சல்லடைக்காரப் பெண்மணி பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையைத் தூக்கினார். எழுந்து நின்றார். "என் படத்துல என்ன தெரிஞ்சுதுன்னு எனக்கு யாரும் சொல்லலை. அது நல்லா இருக்கா, கெட்டிருக்கா? இவ்வளவுதான் கேட்கணும்."

துறைத் தலைவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். "அவர் உங்களுக்கு நன்றி சொல்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

டீச்சர் எழுந்துவிட்டார். அவருக்கு மைக் தேவைப்படவில்லை.

"சார், அவங்க நன்றி சொல்லலை. கேள்வி கேட்டாங்க."

பிறகு மேடையைப் பார்த்து ஆங்கிலத்திலேயே பேசினார். வகுப்பறை ஆங்கிலம், இறந்தகாலமும் எதிர்காலமும் அதில் அவ்வப்போது இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அந்தப் பெண் கேட்டதை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், அப்படியே சொல்லி முடித்தார். பின்வரிசையில் யாரோ இருமுவதும், அதை வாய்க்குள்ளேயே அடக்கப் பார்ப்பதும் கேட்டது.

அம்மையார் கையிலிருந்த பேனாவை மூடினார். படம் எடுத்த ஒவ்வொருவருக்கும் முடிவைச் சொல்லவேண்டும் என்பது முதல் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்றார். சொல்லியாகிவிட்டது என்றுதான் தங்களுக்கு எழுதியிருந்தார்கள் என்றார். சொல்லிவிட்டுத் துறைத் தலைவரைப் பார்த்தார். துறைத் தலைவர் துணைவேந்தரைப் பார்த்தார். துணைவேந்தருக்குப் பார்க்க யாரும் இல்லாததால் கூட்டத்தைப் பார்த்தார்.

"விரைவில் ஏற்பாடு செய்யப்படும்" என்றார்.

"ரொம்ப நன்றிங்க" என்றார் டீச்சர், நின்றபடியே. "விரைவில்ங்கறது எந்தக் கிழமைங்க?"

மாணவர்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியில் நின்றது. துணைவேந்தர் தண்ணீர் குடித்தார். தம்ளரை வைத்துவிட்டு, "புதன்" என்றார்.

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா? புதன்கிழமை" என்று பின்வரிசையிடம் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் டீச்சர் உட்கார்ந்தார். அன்று ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை.

புதன்கிழமைகளில் நெஞ்சுநோய்ப் பிரிவின் இளம் மருத்துவர் ஒருவர் ஒவ்வொருவராக உள்ளே அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, படத்தைக் காட்டிச் சொன்னார். டீச்சர் உள்ளே போகவில்லை. தாழ்வாரத்து பெஞ்சில் அடுத்த ஆளோடு உட்கார்ந்துகொண்டார். சிலருக்கு ஒன்றுமில்லை. சிலருக்குக் காசநோய், மருந்து அன்றே தொடங்கியது. பலருக்கு நுரையீரலில் கல்தூசி படிந்திருந்தது. அதை எடுக்க மருந்து கிடையாது, மேலும் படியாமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும் என்று மருத்துவர் சொன்னார். சொல்லச் சொல்ல அவருடைய முகமும் சாம்பலாகிக்கொண்டு வந்தது.

சல்லடைக்காரப் பெண்மணி வெளியே வந்து டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கல்லு உள்ள போயிடுச்சாம் டீச்சர். இனி வெளிய வராதாம்."

டீச்சர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா தெரிஞ்சுபோச்சில்ல?" என்றார் அந்தப் பெண். "இத்தனை வருஷமா, உடம்பு வணங்கலை, சோம்பேறி, வேலைக்கள்ளின்னு என்னையே நான் திட்டிக்கிட்டிருந்தேன். நான் சோம்பேறி இல்ல. கல்லைச் சுமந்துக்கிட்டுல்ல இத்தனை நாள் நடந்திருக்கேன்."

மறுநாள் அவரும் மற்றச் சல்லடைப் பெண்களும் கிரஷருக்குப் போனார்கள். இயந்திரம் ஓடியது, சல்லடைக்கு அருகே ஒருவரும் போகவில்லை. தூசி பறக்காமல் தண்ணீர் தெளிக்கும் குழாய் போட்டால்தான் கை வைப்போம் என்றார்கள். முதலாளி கத்தினார், கெஞ்சினார், வேறு ஆள் தேடினார். வேறு ஆட்களும் புதன்கிழமை வரிசையில் நின்றவர்கள்தான். கடைசியில் குழாய் வந்தது. இரண்டொரு ஆலைகளில் வந்தது. மற்றவற்றில் இன்னும் வரவில்லை. வயதில் பெரிய துளைக்காரர் ஒருவர், முடிவைக் கேட்டுவிட்டு நேராக மலைக்கே வேலைக்குப் போனார். "தெரிஞ்சு என்ன பண்ண, வீட்ல அடுப்பு எரியணுமே" என்றார். டீச்சரால் அவரை மறிக்க முடியவில்லை.

தம்பியின் வேலை போய்விட்டது. இப்போது மரக்கடையில் நிற்கிறான். படிக்கட்டில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்தபடி இறங்குகிறான். டீச்சர் ஒருமுறை மேலே போய்க் கதவைத் தட்டினார். உள்ளே தொலைக்காட்சியின் சத்தம் கூடியதே தவிர, கதவு திறக்கவில்லை. "அவன் பக்கம் நியாயம் இல்லாம இல்ல" என்கிறார். "ஆனா நான் மன்னிப்புக் கேட்டா அது பொய்யாயிடும். பொய் சொல்லித் தம்பியைத் திரும்ப வாங்கணுமா?" கேட்டுவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொள்கிறார்.

பல்கலைக்கழகமும் தன் பங்குக்குச் செய்தது. பிரிவின் பொறுப்பு அவரிடமிருந்து போனது. இறுதியாண்டு வகுப்பு போனது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் எடுத்தால் போதும் என்றார்கள். "நல்லதாப் போச்சு. கெட்டுப்போறதுக்கு முன்னாலயே பிடிச்சிடலாம்" என்று அதையும் வாங்கிக்கொண்டார். அவருடைய வகுப்பில் இப்போது படம் எடுக்கும் பாடத்தோடு இன்னொன்றும் உண்டு: எடுத்த படத்தின் முடிவு ஆளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அந்த மாணவனே கேட்டு வரவேண்டும். பாடத்திட்டத்தில் இல்லையே என்று யாரோ ஆட்சேபித்தார்கள். "மூச்சு விடறதும்தான் பாடத்திட்டத்துல இல்ல" என்றார்.

போன புதன்கிழமை, வரிசையில் நிற்பவர்கள் வந்தபோது தாழ்வாரம் வெறிச்சென்றிருந்தது. பெஞ்சுகளைக் காணவில்லை. வண்ணம் பூசப் போகிறார்கள், அதற்காக எடுத்துவிட்டோம் என்றார் ஊழியர். வண்ணமும் இல்லை, பூசுகிற ஆளும் இல்லை. உட்கார இடமில்லாவிட்டால் வரமாட்டார்கள் என்று எங்கோ யாரோ யோசித்திருந்தார்கள். மாடிப்படி ஏறிவந்தவர்கள் சுவரில் சாய்ந்து இரைத்துக்கொண்டிருந்தார்கள். மறுபரிசோதனைக்கு வந்த சல்லடைக்காரப் பெண்மணி தரையில் குந்தியிருந்தார்.

டீச்சர் தாழ்வாரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்தார். எதிரே துறைத் தலைவரின் அறை. கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு உள்ளே போனார். விருந்தினர்களுக்கான நீளமான சோபா சன்னலோரம் கிடந்தது. அதன்மேல் இருந்த பத்திரிகைகளை எடுத்து அவருடைய மேசைமேல் ஒழுங்காக அடுக்கினார். கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, குனிந்து, சோபாவின் ஒரு முனையைத் தூக்கினார்.

துறைத் தலைவர் தொலைபேசியைக் காதிலிருந்து இறக்கினார். "டீச்சர், என்ன இது?"

"அந்தப் பக்கம் பிடிங்க சார்."

திறந்த கதவு வழியாகத் தாழ்வாரத்து முகங்கள் எல்லாம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தன. துறைத் தலைவர் எழுந்தார்; மேசையைச் சுற்றி வருவதா வேண்டாமா என்று நின்றார். டீச்சர் தூக்கிய முனையைக் கீழே வைக்காமல், கனத்தில் சிவந்துபோன முகத்தோடு, அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.